ஒன்பது மாவும் ஏழு வக்கீல் பிள்ளைகளும்

என் மாடியை இரண்டு மாத வாடகைக்குக் கேட்டு வந்த பிள்ளைகள், தண்ணீர் வருமா, கரண்ட் நிற்குமா என்று கேட்கவில்லை. சுவரில் இருந்த ஏசியைப் பார்த்து ஒரு பெண் முகம் சுளித்தாள். அதைப் போட்டால் தங்களுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும், கழற்றிவிட முடியுமா என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குற்ற உணர்ச்சியால் வியர்க்கிற சாதி ஒன்று உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கழற்ற முடியாது, வேண்டாமென்றால் போடாதீர்கள் என்றேன். கத்திரி வெயில் பிறந்த மூன்றாம் நாள் பதினாறில் வைத்துவிட்டு ஏழு பேரும் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

ஏழு பேரும் சட்டக் கல்லூரி மாணவர்கள். கோடை விடுமுறையில் அவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி, மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போன ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறது. சுற்றுச்சூழல் நீதி ஃபெல்லோஷிப் என்று பேர். கைச்செலவுக்குப் பணம் உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. சென்னை, பெங்களூர், டெல்லி என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். நன்றாகத் தமிழ் பேசத் தெரிந்தது ஒரே ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு. தங்களுக்குள் தலைவர் என்று யாரும் கிடையாது என்பார்கள், ஆனால் ஒன்றுக்குப் போவதென்றாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

என்னை அங்கிள் என்றார்கள். பதினோரு வயதில் லாரியில் கிளீனராக ஏறி, டியூபில் டீசலை வாயால் உறிஞ்சி வளர்ந்தவனை அங்கிள் என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. பிறத்தியார் டிராக்டரை ஓட்டினேன், அப்புறம் என் டிராக்டரை ஓட்டினேன். சேற்றில் புதையாமல் கதிர் அறுக்கும் பெல்ட் வண்டி இந்த வட்டாரத்தில் முதன்முதலாக என் வாசலில்தான் வந்து இறங்கியது. இன்றைக்கு ஐந்து நிற்கின்றன. திருவாரூரிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அறுப்புக்கு முதலில் என் நம்பரைத்தான் அழுத்துவார்கள். நிலம் இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கருக்கு மேல். அதில் ஒரு குழிகூட அப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை.

அந்த இரண்டு வேலியில் கிழக்குக் கடைசியில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், வடிகாலை ஒட்டிக் கிடக்கிறது. அதை ஒரு பெண்பிள்ளைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். புருஷன் செத்த வருஷம் வந்து கேட்டாள், கொடுத்தேன். பத்தொன்பது வருஷமாக அவள்தான் உழுகிறாள், நடுகிறாள், அறுக்கிறாள். குத்தகை நெல்லைத் தூற்றி அளந்து போடுவாள். ஊரே முதலாளி என்று கூப்பிடும்போது அவள் மட்டும் அண்ணே என்பாள். நான் டிராக்டர் ஓட்டிய காலத்தில் அவள் நடவுக் கூட்டத்தில் குனிந்து நின்றவள், அந்தப் பழக்கம்.

ஒரு துண்டுக் காகிதம்கூட நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. எங்கள் பக்கம் யாரும் கொடுப்பதில்லை. குத்தகைக்காரன் என்று ஒருவன் பேர் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அவனை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது, சட்டம் அப்படி. அதனால் உழுகிறவர் யாராக இருந்தாலும், போகத்துக்குப் போகம் அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிக் கணக்கில் நிலத்துக்காரரே சாகுபடி என்றுதான் எழுதுவார்கள். எழுதுகிற கிராம அதிகாரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வாய்க்காலில் குளிக்கிற எருமைக்கும் தெரியும். வாய்வார்த்தையில் நடக்கிற விவகாரம். வாய் மூடியிருக்கும் வரைக்கும் நடக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வடிகாலுக்கு அந்தண்டை இறால் குட்டை வெட்டினார்கள். முதலாளி சென்னையில் இருக்கிறார், இங்கே ஒரு மேனேஜர். குட்டையிலே நாறிப்போன உப்புத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுவார்கள். வடிகால் எங்கள் வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியது. அது நிறைந்து நின்றால் எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் ஏறும். போன சம்பாவில் அந்த ஒன்பது மாவில் பயிர் திட்டுத் திட்டாகக் கருகி, அறுப்புக்குப் பிறகு தரை கோலமாவு கொட்டின மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடுத்த மாதமே மேனேஜர் என் வாசலுக்கு வந்தான். இனி அதில் நெல் விளையாது முதலாளி, இறாலாவது விளையட்டும், எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்றான். பக்கத்து நிலத்தை முதலில் கெடுப்பது, கெட்டதை அப்புறம் கேட்பது. வெட்கங்கெட்ட வேலைதான், ஆனால் தொழில் தெரிந்தவன் வேலை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண்பிள்ளைக்கு அது தெரியும். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரும்போது அந்தத் தரை அவளுக்கா, இறாலுக்கா என்பதுதான் அவளுடைய கவலை. வேறு நிலமும் அவளுக்குக் கிடையாது, வேறு வேலையும் தெரியாது.

இந்த வம்புக்குள்தான் ஏழு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

முதல் வாரம் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். பேனா மாதிரி ஒரு மீட்டர். வாய்க்கால் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் படித்துக் காட்டினார்கள். சித்திரை வைகாசியில் எங்கள் பாசன வாய்க்காலில் ஆடு மேயும். இவர்கள் மீட்டரை விட்டது வடிகாலில். தண்ணீரைக் கொண்டுவருவது எது, கொண்டுபோவது எது என்று தெரியாமல் தண்ணீருக்கு நீதி கேட்க வந்துவிட்டார்கள். அந்தப் பெண்பிள்ளைதான் கூட்டிப்போய் இரண்டையும் காட்டினாள். வடிகால் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். அவ்வளவுதான் பரிசோதனை. டெல்லிப் பையன் ஒருவன் அவள் துப்பியதை வீடியோ எடுத்தான்.

சாயங்காலமானால் மாடியில் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு யார் மனசு எப்படி இருந்தது என்று முறைவைத்துச் சொல்வார்கள். ஒருநாள் காபி கொடுக்கப் போனபோது சுவரில் பெரிய காகிதம் ஒட்டி அதில் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்ற படமாம். தாசில்தாருக்கும் இறால் பண்ணைக்கும் நடுவில் என்னைச் சிவப்புச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மனுவை எழுதி, அந்தப் பெண்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு பிரதி கொண்டுவந்தாள் கோயம்புத்தூர்ப் பெண். பிறந்தநாள் மிட்டாய் நீட்டுகிற மாதிரி நீட்டினாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்தது மறக்காது. என் புல எண். அதன் கீழே, மேற்படி நிலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும், என்று போட்டு அவள் பேர்.

இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன். அதுதானே உண்மை என்றாள்.

"உண்மைதான். அத எந்தக் காகிதத்துல எழுதலாம், எதுல எழுதப்படாதுன்னு ஒங்க காலேஜ்ல சொல்லித் தரலயா?"

அவளுக்குப் புரியவில்லை. மனு கொடுப்பவர் யார், என்ன உரிமையில் கொடுக்கிறார் என்று முதல் பத்தியில் எழுத வேண்டும், அதுதான் முறை என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மேலே போய், அவர்களை அனுப்பிய அமைப்பின் பெரிய வக்கீலுக்குப் போன் போட்டாள். மொட்டைமாடியில் நின்று பேசியது எனக்குக் கீழே கேட்டது. முதலில் அவள் குரல் கேட்டது, அப்புறம் ம், ம் என்றது மட்டும் கேட்டது. அன்றைக்கு வட்டத்தில் நாலு பேர் அழுதார்கள். இதைப் பார்த்து நிலத்துக்காரர் அவளை எழுப்பிவிடுவாரே, ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தட்டிவிட்டுவிட்டோமே என்ற அழுகை. அழுது முடித்ததும் ஆன்லைனில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். பசிக்குமில்லையா.

மறுநாள் காலையில் ஏழு பேரும் அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்குப் போய், மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம், இல்லையென்றால் பேரையாவது எடுத்துவிடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நான் டிராக்டர் டிரெய்லர் விஷயமாக அந்தத் தெருவில் நின்றிருந்தேன், அதனால் காதில் விழுந்தது. அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"பேர எடுத்துட்டா உப்புத் தண்ணி நின்னுடுமா?"

நிற்காது என்றாள் கோயம்புத்தூர்ப் பெண்.

"அப்பறம் எதுக்கு எடுக்குற? உப்பு பூத்த தரைய வாய்வார்த்தையா வச்சிருந்தா என்ன, பத்திரத்துல வச்சிருந்தா என்ன. கெடக்கட்டும் பாப்பா."

அதற்குப் பிறகு நானே அந்தப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து நின்றாள். விசாரணை வைத்திருக்கிறார்கள், அங்கே என்னைக் கேட்டால் நீ என்னிடம் கூலிக்கு வேலை பார்க்கிறாய் என்றுதான் சொல்வேன், வருத்தப்படாதே என்றேன். அவள் ஒன்றும் வாதாடவில்லை. சொல்லுங்கண்ணே, ஒங்க வாய், என்றாள். போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டை அறைந்து சாத்தியிருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு நான் கையெழுத்துப் போடத்தான் போனேன். மேனேஜரோடு பேசி முடித்தாகிவிட்டது. நிலத்துக்காரன் நானே சாகுபடி செய்கிறேன், இறால் குட்டையால் எனக்கு ஒரு பாதிப்பும் இல்லை, மனு கொடுத்தவள் என் கூலியாள் என்று ஒரு வாக்குமூலம். அது போதும். அடங்கலில் என் பேர் இருக்கிறது, மனுவுக்குக் கால் முறிந்துவிடும். அப்புறம் அந்த ஒன்பது மாவைக் குட்டைக்கு விடுவதாகப் பேச்சு. வெளிநாட்டில் இருக்கும் என் மகன் போனில் அதையேதான் சொன்னான். அவன் எம்.பி.ஏ.

கோட்டாட்சியர் சின்ன வயசுக்காரர். மேசைக்கு இந்தப் பக்கம் நான், மேனேஜர், இறால் பண்ணை வக்கீல், எங்கள் கிராம அதிகாரி. அந்தப் பக்கம் அவள். அவளுக்குப் பின்னால் ஏழு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். வாயைத் திறக்க அவர்களுக்கு உரிமை கிடையாது, இன்னும் வக்கீல் ஆகவில்லை. இரண்டு மாதம் ஊரைக் கிண்டிவிட்டுக் கடைசியில் வேடிக்கை பார்க்கிற உத்தியோகம்.

பண்ணை வக்கீல் அடங்கல் நகலைக் காட்டினார். இந்தம்மாவுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லை, நிலத்துக்காரரே வந்திருக்கிறார், அவரே சொல்வார் என்றார். மேனேஜர் என் பக்கத்தில் வந்து, டைப் அடித்த வாக்குமூலத்தை மேசையில் வைத்தான். வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்து, மூடியைத் திறந்து, என் கைக்குப் பக்கத்தில் நகர்த்தினான்.

"வெரல இங்க வச்சா போதும் முதலாளி. படிச்சுக் காட்டணுமா?"

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அவன். அதுதான் இன்னும் மோசம். முப்பது வயதில், முதல் டிராக்டருக்குக் கடன் வாங்கப் போனபோது, வங்கியில் ஒரு குமாஸ்தா என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, துடைக்கத் துணிகூடக் கொடுக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து கையெழுத்துப் பழகினேன். அதற்கப்புறம் எத்தனை பத்திரம், எத்தனை காசோலை. இந்தப் பொடியன் என் வீட்டில் மூன்று தடவை காபி குடித்திருக்கிறான். வாசலில் ஐந்து பெல்ட் வண்டியைப் பார்த்திருக்கிறான். அப்படியும் இவன் கண்ணுக்கு நான் கைநாட்டு.

கோட்டாட்சியர் என்னைப் பார்த்து, "இவங்க உங்க நிலத்துல யாரு?" என்று கேட்டார்.

ஸ்டாம்ப் பேடை மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

"எழுதிக்கங்க. ஒம்போது மாவும் என்னுது. பத்தொம்பது வருஷமா இந்தம்மாதான் குத்தகைக்கு உழுவுது. அடங்கல்ல என் பேரு இருக்குன்னா, அது நாங்க எல்லாரும் சேந்து எழுதுன பொய்யி. உப்புத் தண்ணி இவங்க குட்டைலேர்ந்துதான் வருது. வந்து பாருங்க, கால வச்சா காலு வெடிக்கும்."

எங்கள் கிராம அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஸ்டாம்ப் பேடைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன தப்பு நடந்தது என்று தெரியாமல் நின்றான். இன்றைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்காது. குமாஸ்தா எழுதி முடித்ததும் ஒருதரம் கூட்டிப் படித்துவிட்டு, கீழே என் கையெழுத்தைக் கோணல் இல்லாமல் போட்டேன். குட்டைத் தண்ணீரை வடிகாலில் விடுவதை நேரில் ஆய்வு செய்யும் வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கோட்டாட்சியர் சொன்னார். அதையும் எழுதினார்கள்.

இந்தப் பிள்ளைகள் பிற்பாடு அச்சடித்து அனுப்பிய அறிக்கையில், எங்கள் பேச்சுவார்த்தையால் ஒரு பெரிய நிலவுடைமையாளர் நீதியின் பக்கம் வந்தார் என்று போட்டிருக்கிறார்களாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். நான் எந்தப் பக்கமும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் ஏழு பேரும் இரண்டு மாதம் பேசியதில் என்னிடம் ஒரு மயிரும் அசையவில்லை. ஒரு மைப்பெட்டி அசைத்தது.

வெளியே வந்ததும் ஏழு பேரும் குதித்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோயம்புத்தூர்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளையும் என்னையும் நடுவில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். டெல்லிப் பையன் போனை நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து ஒரு ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டான். நான் முடியாது என்றேன்.

அந்தப் பெண்பிள்ளை குதிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்துக் கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கோயம்புத்தூர்ப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போட்டோ கெடக்கட்டும் பாப்பா. அண்ணன் சொன்னத எழுதுனாங்கல்ல, அதுல ஒரு நகலு வாங்கு மொதல்ல. சீல் போட்டு வாங்கு. விட்டா அண்ணன் சாயங்காலத்துக்குள்ள வேற மாதிரி சொல்லிடுவாரு."

என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை.

சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. படியில் இறங்கும்போதே எனக்குக் கோபம் ஆறத் தொடங்கிவிட்டது. ஒன்பது மா. இனி சாகும்வரைக்கும் நானும், எனக்குப் பின்னால் என் மகனும், அவளை அந்தத் தரையிலிருந்து எழுப்ப முடியாது. கார் கதவைத் திறக்கும்போது என் மனதில் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது: ஐயா, நான் ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன், அதை அடித்துவிடுங்கள். இருபது எட்டு நடந்தால் கோட்டாட்சியர் அறை. அது அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐந்து வருஷம் சட்டம் படிக்கிற ஏழு பேரில் ஒருத்தருக்கும் அந்த நகல் வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியது போட்டோ.

கோயம்புத்தூர்ப் பெண் உள்ளே ஓடினாள். குமாஸ்தா நாளைக்கு வரச் சொல்கிறார் என்று திரும்பி வந்தாள். இன்னைக்கே வேணும்னு சொல்லு, என்றாள் இவள். சொல்லிவிட்டு அலுவலகத்து வாசற்படியில், கதவுக்கு நேராக, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போக வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். காருக்குள் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து வந்தால் வழிவிடுவாளா என்று யோசித்தேன். விட்டிருப்பாள். அண்ணே என்று சொல்லி முழங்காலை ஒதுக்கியிருப்பாள். அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை.

நாலு மணிக்கு நகல் வந்தது. உள்ளே கோயம்புத்தூர்ப் பெண் என்ன சண்டை போட்டாளோ, குரல் கம்மிப்போயிருந்தது. அந்த ஒரு நாள் அவள் வக்கீல் வேலை பார்த்தாள் என்று ஒப்புக்கொள்கிறேன். படியிலேயே உட்கார்ந்து அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் இவள். தன் பேர் எங்கே, புல எண் எங்கே, என் கையெழுத்து எங்கே என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். சீல் ஈரம் காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்தாள். ஒரு யூரியாப் பையின் உள்பிளாஸ்டிக்கை வெட்டிக் கொண்டுவந்திருந்தாள், காலையிலேயே. அதில் சுற்றி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தாள்.

அப்புறம் காரிடம் வந்து, நான் இன்னும் போகாமல் இருப்பதை இப்போதுதான் பார்க்கிற மாதிரி நின்றாள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் இரண்டு தரம் வயலில் தேக்கி வடிக்க வேண்டும், உப்பு இறங்கினால்தான் நாற்று விட முடியும், உழவுக்கு வண்டி முன்னதாக வேண்டும் என்றாள். அனுப்புகிறேன் என்றேன். வீட்டுக்குப் போகிற வழிதானே, ஏறிக்கொள் என்றேன்.

"வேண்டாம்ணே. பஸ்ஸு வந்துடும்."

கையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என் காரில் ஏற அவளுக்குப் பயம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஏறியிருக்க மாட்டேன்.